ஆளை எண்ணாதீர்கள், அறையைப் பாருங்கள்

நடுவர் அவர்களே! கிராமத்தில் கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர்-டி, கைத்தோலுக்கு அடியில் இம்ப்ளான்ட் குச்சி போட்டுக்கொள்வது யார் என்பதைத் தீர்மானிப்பது பெண்ணின் வயது, படிப்பு, பிள்ளைகளின் எண்ணிக்கையா? கிடைக்கிற சேவையா? சேவைதான் என்பது எங்கள் அணியின் வாதம்.

போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று பெற்றவர்கள், அதனால் பிள்ளை எண்ணிக்கையே காரணம் என்றார் எதிரணித் தலைவி. பிள்ளை பெறாதவளை 'உனக்கு இது கூடாது' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால், பதிவேட்டில் வேறு யார் பெயர் இருக்கும்? உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி விதிகளில் பிள்ளை பெறாதது ஒரு தடையே இல்லை.

ஆஸ்பத்திரியில் பிரசவித்தவர்கள் அதிகம் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். இருக்கும்! பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி போட்டுவிடலாம். தவறினால் 4 வாரம் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு மறுபடி யார் வருவார்? ஆனால் பிரசவத்தோடு போடுவது நழுவி விழும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதைச் சொல்லாமல், 6 வாரத்தில் சோதிக்காமல் விட்டால், விழுந்தது தெரியாமலே அவள் கர்ப்பமாவாள். 'காப்பர்-டி பலிக்காது' என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிடும்.

படிப்புக்கு வருகிறேன். காப்பர்-டி போட்டபின் 3 முதல் 6 மாதம் வரை உதிரப்போக்கு கூடலாம் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், பட்டம் வாங்கியவளும் பயந்துபோய் எடுக்கச் சொல்வாள்.

எடுப்பது! இங்கேதான் கதை கந்தலாகிறது. ஒற்றைக் குச்சி இம்ப்ளான்ட் 4 செ.மீ. நீளம், 2 மி.மீ. தடிமன். மேல்கையின் உட்புறம், தோலுக்கு நேர் கீழே, விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும். ஆழமாகப் போய்விட்டால் ஸ்கேன் பார்த்துத்தான் தேட முடியும். எடுக்கும்போது மரப்பு ஊசியைக் குச்சியின் முழங்கைப் பக்க நுனிக்கு அடியில் போட வேண்டும்; மேலே போட்டால் தோல் வீங்கிக் குச்சி மறைந்துவிடும். பிறகு 2 மி.மீ. கீறல், நுனியைத் தள்ளல், சுற்றிய சவ்வை விலக்கல், இடுக்கியால் இழுத்தல். போடப் பழகிய நர்ஸுக்கெல்லாம் இந்தக் கை வந்துவிடாது. பழகிய ஒருவரும் மாற்றலாகிப் போனால், 'போட்டால் எடுக்க ஆளில்லை' என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வது வதந்தியா, உண்மையா?

கணவனின் சம்மதம், மாமியாரின் பேச்சு இவற்றுக்கு எடையே இல்லை என்று நாங்கள் வாதாடவில்லை. ஆனால் எதிரணி ஒரு காரியம் செய்யட்டும்: எடுக்கத் தெரிந்தவர் எந்தக் கிழமை இருப்பார் என்று அந்தப் பெண்ணின் அட்டையில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வரட்டும்.