அண்ணா சாலையைக் கடப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பெரியவர்கள் வாயில் அது மவுண்ட் ரோடுதான். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போன வழி அது. சுமார் 15 கிலோமீட்டர்.

அந்த வழியில் அடையாறு குறுக்கிடுகிறது. சைதாப்பேட்டையில் இன்று பஸ்ஸில் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம். அன்று மழைக்காலத்தில் ஆறு பெருகினால் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 1726-இல் அங்கே முதன்முதலாகப் பாலம் கட்டியவர் யார்? கிழக்கிந்தியக் கம்பெனி அல்ல. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார். சொந்தப் பணம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பரங்கிமலை மாதா கோயிலுக்கு நடந்து ஏறுகிறவர்களுக்காகப் படிக்கட்டும் கட்டிக்கொடுத்தார். கட்டியதோடு கைகழுவவில்லை, பிற்காலப் பராமரிப்புக்கென்று தனியாகப் பணமும் ஒதுக்கினார். பாலம் கட்டுகிறவர்கள் பலர். அது பழுதாகும் நாளையும் நினைத்துப் பார்த்தவர் அவர். அவருடைய கல்வெட்டு சாலையோரத்தில் தூசி படிந்து நிற்க, பக்கத்திலேயே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அதைத் திரும்பியும் பார்க்காததைக் கண்டு எனக்கு மனம் கனத்திருக்கிறது. அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை. அதே இடத்தில் நிற்பது மறைமலை அடிகள் பாலம்.

பிறகு சாலை வளர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். டிராம் வண்டிகள் 1953-இல் நின்றன. 1959-இல் எல்ஐசி கட்டடம் எழுந்தது. 1973-இல் ஜெமினி மேம்பாலம். அதனருகே குதிரையை அடக்கிப் பிடித்து நிற்கும் மனிதன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். குதிரைப் பந்தயத் தடையின் நினைவாக வைத்தது.

இத்தனையும் வண்டிகள் விரைந்து போவதற்கு. நடப்பவர்களுக்கு? ஆற்றைக் கடப்பது அன்று கஷ்டம், சாலையைக் கடப்பது இன்று கஷ்டம். நடுத்திட்டின் மேல் கையில் பையோடு, ஒரு காலை இறக்கியும் ஏற்றியும் தவிக்கிற அம்மாவைப் பாருங்கள். பச்சை விளக்கு அவருக்காக எரிகிற நேரத்தில் பாதிச் சாலைகூடத் தாண்ட முடிவதில்லை. அந்த நேரத்தைச் சில விநாடிகள் கூட்டுவதற்கு மேம்பாலச் செலவு ஆகாது. தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே உயர்மட்டச் சாலை வேலை தொடங்கியிருக்கிறது. அதன் அடியில் நடைபாதையும் அகலமாக அமைய வேண்டும் என்று கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கத்திப்பாரா பற்றிப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது. ஒன்று மட்டும். இந்தச் சாலையின் அடியில் ஓடும் மெட்ரோவின் நிலையங்களில் இருபுறமும் வாயில் இருந்தால், டிக்கெட் எடுக்காமலே உள்ளே இறங்கி எதிர்ப்பக்கம் ஏறலாம். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் லிஃப்ட் எந்த வாயிலில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.