மிதவைக்கும் எடை உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கடலைத் தாண்டிப் பறக்கவிருக்கும் சிறிய விமானம் ஒன்றில் 20 கிலோ எடையுள்ள உயிர்காப்பு மிதவையை ஏற்றுகிறார்கள். ஏற்றியவர் மனத்தில் நிம்மதி. ஆனால் அந்த 20 கிலோ எடைக்கணக்குத் தாளில் ஏறாமல் விட்டுப்போவதுண்டு. பாதுகாப்புக்காக வைத்ததுதானே என்ற நினைப்புதான் காரணம். எதற்காக ஏற்றினாலும் சுமை சுமைதான்.

ஒரு பொருளின் எடையை, விமானத்தில் குறித்துவைத்த ஒரு புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். அவற்றையெல்லாம் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால், விமானத்தின் எடை முழுவதும் சமநிலை கொள்ளும் இடமான ஈர்ப்பு மையம் தெரிந்துவிடும். 1,000 கிலோ விமானத்தில், மையத்துக்கு 2 மீட்டர் பின்னால் சாமான் அறையில் அந்த மிதவையை வைத்தால், மையம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் பின்னோக்கி நகரும். அவ்வளவுதானா என்று தோன்றும். செஸ்னா 172எஸ் என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் முழு எடையில் இருக்கும்போது, மையம் இருக்கலாம் என்று அனுமதித்த முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் நடுவே உள்ள இடைவெளியே சுமார் 16 சென்டிமீட்டர்தான்! அதே மிதவையைக் காலியான பின்னிருக்கையில், மையத்திலிருந்து 80 சென்டிமீட்டரில் கட்டினால் நகர்வு ஒன்றரை சென்டிமீட்டராகக் குறைகிறது. விமானம் தண்ணீரில் இறங்க நேர்ந்தால் கைக்கு எட்டுவதும் அங்கே இருக்கும் மிதவைதான்.

மையம் பின் எல்லையைத் தாண்டினால், வேகம் குறைந்து இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நேரத்தில் மூக்கைத் தாழ்த்தி மீள்வது கடினம். சுழன்று விழத் தொடங்கினால் மீளவே முடியாமல் போகலாம்.

தீயணைப்பான் போல நிலையாகப் பொருத்தியவை விமானத்தின் வெற்று எடையிலேயே சேர்ந்திருக்கும். அவசர இடங்காட்டிக் கருவியும் அப்படியே. மோதலில் கருவி சேதமாகாமல் தப்பும் வாய்ப்பு அங்கே அதிகம் என்பதால் அதைப் பெரும்பாலும் வால்பக்கம் வைக்கிறார்கள். எடை குறைவுதான், தூரமோ அதிகம். ஆகவே அதை மாற்றும்போது எடைப் பதிவேட்டையும் திருத்தியாக வேண்டும்.

எடை எல்லையைத் தாண்டினால் எதை இறக்குவது? 20 கிலோ என்பது சுமார் 28 லிட்டர் விமான பெட்ரோல். கடல்மேல் போகும் பயணத்தில் பெட்ரோலைக் குறைப்பதும் மிதவையை விட்டுச்செல்வதும் எனக்கு ஏற்பில்லாதவை. பயணப்பெட்டிகளை இறக்குங்கள். அதுவும் போதாவிட்டால் ஒரு பயணியைக் குறையுங்கள்.

இறுகக் கட்டாத மிதவை விமானம் மேலேறும்போது பின்னால் சரியும். தாளில் போட்ட கணக்கும் அத்தோடு பொய்யாகிவிடும். ஆனால் கட்டும் பட்டை ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். புறப்படும் முன், உள்ளே அமரப்போகும் ஒவ்வொருவரும் அதை ஒருமுறை தம் கையாலேயே அவிழ்த்துப் பார்க்கட்டும்.