ஸ்காட்லாந்தின் பழம்பாடல்கள் பப்புக்குத் திரும்பிய கதை

[திரையில்: எடின்பரோ பழைய நகரின் குறுகிய சந்துகள்]

ஸ்காட்லாந்தின் பழம்பாடல்கள் என்றதும் பலருடைய மனத்தில் ஒரே காட்சிதான் எழுகிறது. மரப்பலகை வேய்ந்த சுவர்களுக்கு நடுவே பீர்க் கோப்பைகள் நிறைந்த மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் பிடில் வாசிக்க மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். சுற்றுலா விளம்பரங்கள் இதை இடையறாது தொடர்ந்துவரும் மரபாகவே காட்டுகின்றன. உண்மையான வரலாறு இதைவிடச் சுவையானது. 18ஆம் நூற்றாண்டில் மதுக்கூடத்தில் செழித்திருந்த பாட்டுக்கு, அடுத்த நூற்றாண்டில் அங்கே இடம் சுருங்கிப்போயிற்று. பிறகு நெடுங்காலம் அது சமையலறைகளிலும் பண்ணைக் கொட்டகைகளிலும் நாடோடிகளின் கூடாரங்களிலும் உயிர்பிழைத்திருந்து, 1950-களில்தான் பப்புக்குத் திரும்பத் தொடங்கியது.

18ஆம் நூற்றாண்டின் எடின்பரோவில் வீடுகள் நெருக்கமானவை. ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் நீதிபதியும் கூலித் தொழிலாளியும் வெவ்வேறு தளங்களில் குடியிருந்தார்கள். வழக்கறிஞர்கள் கட்சிக்காரர்களைச் சந்தித்ததும் நண்பர்கள் இரவு உணவு அருந்தியதும் பெரும்பாலும் மதுக்கூடங்களில்தான். ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து இறங்கும் ஆங்கர் குளோஸ் என்ற சந்தில் டானி டக்ளஸ் என்பவர் ஒரு மதுக்கூடம் நடத்திவந்தார். அவர் விரும்பிப் பாடிய, கேலிக் (Gaelic) என்ற ஸ்காட்லாந்தின் பழைய மொழியிலான ஒரு பாடலின் பெயரைக்கொண்டே அங்கு கூடிய நண்பர் குழுவுக்குக் குரோகாலன் என்று பெயர் வந்தது. அந்தக் குழுவை நிறுவிய வில்லியம் ஸ்மெல்லி, என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவின் முதற்பதிப்பைத் தொகுத்தவர். அவருடைய அச்சகமும் அதே சந்தில்தான் இருந்தது. 1787இல் ராபர்ட் பர்ன்ஸின் கவிதைகளுக்கான எடின்பரோ பதிப்பு அந்த அச்சகத்தில் உருவானபோது, கவிஞரைக் குழுவுக்கு அழைத்துச் சென்றவரும் ஸ்மெல்லிதான். அச்சகத்திலிருந்து சில அடிகள் நடந்தால் பாட்டு ஒலிக்கும் மேசை! எழுத்தும் வாய்மொழியும் அந்நகரில் அவ்வளவு அருகருகே வாழ்ந்தன என்பதை இந்தச் சந்தைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

பர்ன்ஸ் பாடல்களை எழுதியவர் மட்டுமல்லர், தேடித் தொகுத்தவரும்கூட. ஜேம்ஸ் ஜான்சன் என்ற செதுக்குக் கலைஞர் 1787 முதல் 1803 வரை ஆறு தொகுதிகளாக 600 பாடல்களை வெளியிட்டார். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பர்ன்ஸின் கைபட்டவை. கேட்ட துணுக்குகளை முழுமையாக்கியும், சிதைந்த வரிகளைச் செப்பனிட்டும், பழைய மெட்டுகளுக்குப் புதிய சொற்களை அமைத்தும் அவர் இதைச் செய்தார். அதற்கு ஊதியம் பெற மறுத்தார் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். இன்று உலகெங்கும் புத்தாண்டு இரவில் பாடப்படும் 'ஆல்ட் லாங் சைன்' பாடலைக்கூட, ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாகவே அவர் ஒரு கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். மாக்லின் ஊரின் பூசி நான்சி விடுதியை வைத்து 1785இல் அவர் எழுதிய ஒரு நீண்ட படைப்பில், ஊனமுற்ற படைவீரர், பிடில்காரர், ஈயம் பூசுபவர் எனச் சமூகத்தின் அடித்தட்டு மனிதர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பாடலைப் பாடுகிறார்கள். ஆளுக்கொரு முறை என்ற அந்த ஒழுங்கு இன்றைய ஸ்காட்டிஷ் பப்களிலும் தொடர்கிறது.

[திரையில்: 19ஆம் நூற்றாண்டு கிளாஸ்கோவின் தொழிற்சாலைப் புகைபோக்கிகள்]

அடுத்த நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகின, நகரங்கள் வீங்கின, மலிவான விஸ்கி ஏழைக் குடும்பங்களைச் சூறையாடியது. மதுவிலக்கு இயக்கமும் தேவாலயங்களும் எதிர்த்து எழுந்தன. 1853இல் நிறைவேறிய ஃபோர்ப்ஸ் மெக்கன்சி சட்டம், ஸ்காட்லாந்தின் மதுக்கூடங்களை இரவு பதினொரு மணிக்கு மூட ஆணையிட்டதோடு, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திறக்கவும் தடை விதித்தது. உண்மையான பயணிகளுக்கு மட்டும் தங்கும் விடுதிகள் ஞாயிறன்று மது வழங்கலாம் என்ற விலக்கு இருந்ததால், ஒரு கோப்பைக்காகவே அடுத்த ஊருக்குப் பயணம் போகிறவர்கள் உருவானார்கள். 1913இல் வந்த மற்றொரு சட்டம், தங்கள் ஊரில் மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று வாக்களிக்கும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. வடகோடியிலுள்ள விக் என்ற மீன்பிடித் துறைமுகம் 1922 முதல் 1947 வரை மதுக்கடையற்ற ஊராகவே இருந்தது.

இந்தச் சூழலில் பப் என்பது ஆண்கள் நின்றபடியே விரைந்து குடித்துவிட்டு வெளியேறும் இடமாக மாறியது. பாடினால் கூச்சல் பெருகும், கூச்சல் பெருகினால் உரிமம் பறிபோகும் என்று அஞ்சிய பல உரிமையாளர்கள் பாட்டையே தடைசெய்தார்கள். பெண்கள் பல பப்களில் வரவேற்கப்படவில்லை. நகரத்தின் பொழுதுபோக்கு, கட்டணம் செலுத்திப் பார்க்கும் மேடை அரங்குகளுக்கு நகர்ந்தது. ஹாரி லாடர் போன்றவர்கள் கில்ட் உடையணிந்து அங்கே பாடிய புதிய பாடல்களையே வெளியுலகம் ஸ்காட்லாந்தின் பாட்டு என்று எண்ணிக்கொண்டது.

பழம்பாடல்கள் அப்போது எங்கே இருந்தன? வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பெரும் பண்ணைகளில், ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலைக்கமர்ந்த மணமாகாத இளைஞர்கள் பண்ணை ஓரத்துக் கொட்டகைகளில் தங்கினார்கள். போத்தி எனப்பட்ட அந்தக் கொட்டகைகளில் பிறந்த பாடல்கள் பண்ணையின் பெயரையும் முதலாளியின் குணத்தையும் சாப்பாட்டின் தரத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்பவை. அடுத்த ஆள்சேர்ப்புச் சந்தையில் எந்தப் பண்ணையைத் தவிர்க்க வேண்டும் என்பதைத் தொழிலாளர்கள் பாட்டின் வழியே ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள். மேற்கே ஹெப்ரிடிஸ் தீவுகளில், பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஈரக் கம்பளித் துணியை அடித்து இறுக்கும்போது, ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பல்லவி பாடிய கேலிக் மொழிப் பாடல்கள் இருந்தன. வேலையின் தாளமே அவற்றின் தாளம். கவின் கிரெய்க் என்ற பள்ளி ஆசிரியரும் ஜேம்ஸ் டங்கன் என்ற போதகரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்குப் பகுதியில் திரட்டிய பாடல்கள் மட்டுமே, பின்னர் அச்சேறியபோது எட்டுப் பெருந்தொகுதிகளை நிரப்பின.

[திரையில்: பழைய ஒலிநாடாப் பதிவுக் கருவி]

திருப்பம் 1951இல் வந்தது. அந்த ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்க நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு ஸ்காட்லாந்து வந்தபோது, அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கவிஞரும் முன்னாள் படை அதிகாரியுமான ஹாமிஷ் ஹெண்டர்சன். எடின்பரோவின் புகழ்பெற்ற சர்வதேசக் கலைவிழா மேட்டுக்குடியினருக்கே உரியதாக இருப்பதாகக் கருதிய தொழிற்சங்கத்தாரும் இடதுசாரிகளும் நடத்திய மக்கள் விழாவில், 1951 ஆகஸ்டு இறுதியில் ஒரு இசையிரவை ஹெண்டர்சன் ஒழுங்கு செய்தார். பாரா தீவின் ஃப்ளோரா மெக்நீல், வடகிழக்கின் பண்ணையாளர் ஜான் ஸ்ட்ராஹன், ஊர் ஊராகச் சுற்றித் தெருவில் பாடிவந்த ஜிம்மி மெக்பீத் ஆகியோர் ஒரே மேடையில் பாடினார்கள். தங்கள் நாட்டிலேயே இப்படிப்பட்ட பாடகர்கள் இருப்பது அந்த அரங்கிலிருந்த நகரத்து இளைஞர்கள் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது.

இந்தக் கதையின் நடுநாயகமாக நான் கருதுவது ஜீனி ராபர்ட்சன் என்ற பெண்மணியைத்தான். டிராவலர்கள் எனப்படும் நாடோடிச் சமூகத்தில் 1908இல் பிறந்த அவர், அபர்டீன் நகரின் எளிய வீடொன்றில் வாழ்ந்துவந்தார். 1953இல் ஹெண்டர்சன் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். வந்தவர் பாடிக்காட்டிய பழைய போர்ப்பாடலின் மெட்டு சரியில்லை என்று திருத்தி, தாமே பாடிக்காட்டத்தான் ஜீனி அவரை உள்ளே அழைத்தார் என்று சொல்வார்கள். அறிஞர்கள் நூலகங்களில் மட்டுமே படித்து, அழிந்துவிட்டதாக எண்ணியிருந்த பழங்கதைப்பாடல்களை அவர் தம் தாயிடம் கற்றிருந்தார். சமூகம் ஒதுக்கிவைத்திருந்த நாடோடி மக்களே நாட்டின் மிகப் பழைய பாடல்களைக் காத்துவந்தார்கள் என்பதை ஸ்காட்லாந்து இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். 1968இல் ஜீனிக்கு பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது வழங்கப்பட்டது. பிளேர்கௌரி ஊரைச் சுற்றிய ராஸ்பெரித் தோட்டங்களில் கனி பறிக்கக் கூடும் நாடோடிக் குடும்பங்களிடையே 1955 கோடையில் பதிவுசெய்த அனுபவத்தை, நயாகரா அருவியின் கீழ் ஒரு தகரக் குவளையை நீட்டுவதற்கு ஒப்பிட்டார் ஹெண்டர்சன்.

[திரையில்: ஃபாரஸ்ட் ரோட்டில் சாண்டி பெல்ஸ் பப்பின் முகப்பு]

பாட்டு பப்புக்குள் மீண்டும் நுழைந்ததில் இடவமைப்புக்கும் பங்குண்டு. ஆய்வுப் பள்ளி இருந்த ஜார்ஜ் ஸ்கொயரிலிருந்து சில நிமிட நடையில் இருந்தது சாண்டி பெல்ஸ் என்று மக்கள் அழைத்த பப். வேலை முடிந்ததும் ஹெண்டர்சன் அங்கே அமர்வார். அவரைத் தேடி மாணவர்கள் வருவார்கள். ஊரிலிருந்து வந்த பாடகர்களும் அங்கேயே அழைத்துவரப்படுவார்கள். பகலில் ஒலிநாடாவில் கேட்டதை மாலையில் பாடிப்பார்க்க மாணவர்களுக்கு ஓரிடம் கிடைத்தது. 1958இல் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் நாட்டார் பாடல் சங்கம் தொடங்கினார்கள். கிளாஸ்கோவில் ஸ்டாக்வெல் தெருவின் ஸ்கோஷியா பார் இத்தகைய பாடகர்களின் கூடாரமாயிற்று. லண்டனில் குடியேறிய அயர்லாந்துத் தொழிலாளர்கள் பப்களில் வட்டமாக அமர்ந்து வாசித்த வழக்கமும் வடக்கே பரவியது. 1976இல் வந்த உரிமச் சட்டம், ஞாயிற்றுக்கிழமையிலும் பப்கள் திறக்க வழிசெய்து நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, அவசரமில்லாமல் அமர்ந்து பாடும் மாலைகள் பெருகின.

செஷன் எனப்படும் இன்றைய பப் இசைக்கூடல் ஒன்றில் நுழைபவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வட்டத்தில் அமர்ந்திருப்பவர்கள் நிகழ்ச்சி நடத்துவதில்லை, தங்களுக்காக வாசிக்கிறார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்து, நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். மெட்டு தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்பதே மரியாதை. பெரிய பேக்பைப்பின் ஒலியைச் சிறிய அறை தாங்காது. ஆகவே துருத்தியால் காற்றூட்டும் மென்மையான சிறுகுழல் பைப், 1980-களில் புத்துயிர் பெற்றபின் இந்த வட்டங்களுக்கு உகந்த கருவியாயிற்று. யாரேனும் துணைக்கருவியின்றிப் பாடத் தொடங்கினால், மது ஊற்றுபவர் உட்பட அனைவரும் அமைதி காக்க, பல்லவி வரும்போது மட்டும் கூடம் முழுவதும் சேர்ந்துகொள்ளும். அப்படிப் பாடப்படும் பாடல்களில் ஒன்று, கிளாஸ்கோவை அடுத்த கால்டன் பகுதி நெசவாளியைப் பற்றியது: நான்சி என்ற பெண்ணாக உருவகிக்கப்பட்ட விஸ்கியிடம் கூலியையெல்லாம் இழந்தவன், மீண்டும் தறிக்கே திரும்பி மற்றவர்களை எச்சரிக்கிறான். அதைக் கோப்பையை ஏந்தியபடியே உரக்கப் பாடுகிறார்கள்.

பப் இந்த மரபுக்கு நன்மை மட்டுமே செய்தது என்று சொன்னால் நேர்மையாகாது. சேர்ந்து பாடக்கூடிய பல்லவி உள்ள பாடல்கள் அங்கே எளிதில் தழைக்கின்றன. முப்பது நாற்பது செய்யுள்கள் கொண்ட கதைப்பாடலுக்கோ, தாலாட்டுக்கோ, தீவுகளின் துணியடிப்புப் பாடலுக்கோ பேச்சும் கண்ணாடி ஒலியும் நிறைந்த கூடத்தில் இடம் குறைவு. அவற்றில் பெரும்பகுதி பெண்கள் காத்துவந்தவை என்பதால் இந்த இழப்பு பெரிதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதை உணர்ந்தே, 1966இல் உருவான மரபிசை மற்றும் பாடல் சங்கம், விழாக்களிலும் போட்டிகளிலும் மூத்த பாடகர்களை இளையோர் அமைதியாகக் கேட்க வாய்ப்பளித்து வந்திருக்கிறது.

ஆய்வுப் பள்ளியின் ஒலிநாடாக்களில் பெரும்பகுதியை 2010 முதல் டோபர் அன் டூவல்காஷ் (Tobar an Dualchais) என்ற இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். அங்கே ஒரே கதைப்பாடலை வெவ்வேறு ஊர்ப் பாடகர்கள் எப்படிப் பாடினார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். ஜீனி ராபர்ட்சனின் குரலிலிருந்து தொடங்குங்கள்.