ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் குன்னூர்

(வியாபாரிகள் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றார்கள், அதனால் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, கேத்தியிலிருந்தும் எடப்பள்ளியிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் படுகர் சமுதாயப் பெரியவர்களே, மார்க்கெட் கடைக்கார அண்ணன்மார்களே, அதிகாலை நாலு மணிக்கே மூட்டை இறக்கிவிட்டுக் கண் எரிச்சலோடு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சுமைதூக்கும் தோழர்களே, காய்கறிக் கடை வைத்திருக்கும் அக்காமார்களே, ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய ஐயா, தொண்டை சரியில்லாதபோதும் முக்கால் மணி நேரம் நின்று பேசினார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வையை அவருடைய தோளில் போட அனுமதி கேட்டேன், மறுத்துவிட்டார். பெரிய மனிதர்.

மூன்று விஷயம் பேச வேண்டும் என்று குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். ஒன்று மார்க்கெட், இரண்டு வண்டி நிறுத்தம், மூன்று ஆறு.

ஔவையார் நல்வழியில் ஒரு வரி பாடியிருக்கிறார். "ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்." நெற்றிக்கு நீறு, சாப்பாட்டுக்கு நெய், ஊருக்கு ஆறு என்று ஒரே வெண்பாவில் வைத்தார் அந்த அம்மா. ஆறு இல்லாத ஊரை நினைத்துத்தான் அப்படிப் பாடினார். நமக்கு ஆறு இருக்கிறது. பஸ் ஸ்டாண்டை ஒட்டி, மார்க்கெட்டின் இடுப்போடு உரசிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் இந்த ஊரில் பிறந்து பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் குன்னூர் ஆறு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "அந்தச் சாக்கடையா?" என்று திருப்பிக் கேட்கும். என்னிடம் அப்படிக் கேட்டது என் தங்கை மகள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, மார்க்கெட்டுக்கு வருகிறேன். இடித்துப் புதிதாகக் கட்டுவது பற்றி வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம். உதகையில் ஒரு பகுதியை இடித்து, வியாபாரிகளைத் தற்காலிகக் கடைகளுக்கு அனுப்பி வேலையைத் தொடங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். நம் ஆட்களுக்கு இருக்கும் பயம் நியாயமான பயம். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்து வெங்காயம் விற்றவரை ஆறு மாதம் வேறு இடத்தில் உட்காரச் சொன்னால் வாடிக்கை என்ன ஆகும்? திரும்பி வரும்போது அதே கடை, அதே வாடகை, அதே முகப்பு கிடைக்குமா? இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த மார்க்கெட்டுக்கு ஒரு உடல்வாகு இருக்கிறது. தகரக் கூரை, அதன் மேல் பாசி, கீழே ஈரக் கல், ஒரு சந்தில் திரும்பினால் மலைப்பூண்டு வாசம், இன்னொன்றில் திரும்பினால் சூடான வர்க்கி வாசம். புதுக் கட்டடத்தில் டைல்ஸ் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தின் அளவை மட்டும் மாற்றாதீர்கள். ஒருவர் தோள் இன்னொருவர் தோளில் இடிக்கும் சந்தில்தான் வியாபாரம் நடக்கும்.

இதற்கு மேல் மார்க்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போதாது. ஆற்றைப் பற்றிப் பேச என்னை விடுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், எனக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது. என் பெரியப்பாவுக்கு மார்க்கெட் ஓரம் டீக்கடை. கடையின் பின்கதவைத் திறந்தால் நாலு கல் படி, அதற்குக் கீழே ஆறு. பக்கத்துக் கடைக்காரர் பாத்திரம் வாடகைக்கு விடுபவர். ஐப்பசி மாதம், ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய பெரிய பித்தளை அண்டாவைக் கழுவுவதற்காக அந்தப் படியில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர் வீட்டு ஆச்சி. மேலே எங்கேயோ நல்ல மழை பிடித்துவிட்டது போல, எங்களுக்குத் தூறல்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ஒரு படி ஏறியது. ஆச்சி பதறி எழுந்த நேரத்தில் அண்டா நகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, படகு மாதிரி கிளம்பிவிட்டது. "என் அண்டா!" என்று ஆச்சி போட்ட சத்தத்தில் மண்டியில் தராசு பிடித்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். நான் படியிலிருந்து குதித்துக் கரையோடு ஓடினேன். எனக்குப் பின்னால் தையல்கார மாமா, கழுத்தில் டேப் தொங்கியபடி. அவருக்குப் பின்னால் கறிக்கடை பாய், கையில் கத்தியோடு. கத்தி எதற்கு என்று அவருக்கே தெரியாது. நடுவில் ஒரு பாறையில் அண்டா முட்டி நின்றது, நாங்கள் எட்டிப் பிடிக்கப் போனபோது மறுபடியும் கிளம்பியது. பஸ் ஸ்டாண்டில் நின்ற கோத்தகிரி பஸ்ஸிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டி "விடாதே, பிடி, பிடி" என்று கத்துகிறார்கள், டிரைவர் புறப்பட மனம் இல்லாமல் நிற்கிறார். கடைசியில் ஸ்டேஷன் பக்கத்துப் பாலத்தில், நீராவி எஞ்சினுக்கு நெருப்புப் போடும் ஒருவர் முகமெல்லாம் கரியோடு டீ குடிக்க வந்து நின்றிருந்தார். எங்கள் கூச்சலைக் கேட்டார், ஒரே ஓட்டமாக எஞ்சினுக்குப் போய் நெருப்புக் கிளறும் நீளக் கம்பியை எடுத்து வந்து, படுத்துக்கொண்டே குனிந்து, அண்டாவின் வளையத்தில் மாட்டி இழுத்தார் பாருங்கள்! பாலத்தில் கைதட்டு அடங்க நெடுநேரம் ஆனது. அன்று சாயங்காலம் அந்த அண்டாவில்தான் கல்யாணச் சாம்பார். நெருப்புப் போட்டவருக்கு முதல் இலை. ஆச்சி தன் கையால் பரிமாறினார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்? மார்க்கெட்டிலிருந்து ஸ்டேஷன் பாலம் வரை பத்து வயதுப் பையன் ஒருவன் கரையோடு ஓட முடிந்தது, அதற்காகத்தான். இன்றைக்கு அண்டா போனால் பத்தடி கூடத் துரத்த முடியாது. அந்தப் பின்கதவுகள் எல்லாம் சுவராகிவிட்டன. ஆற்றைப் பார்த்த ஜன்னல்களில் தகரம் அடித்துவிட்டோம். ஆறு கண்ணில் படாதபோது அதில் குப்பை போடுகிறவன் கையைத் தடுக்க ஆள் இல்லை. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்றார்கள், ஆற்றை வைத்துக்கொண்டே நாம் அந்தப் பாழைச் சம்பாதித்திருக்கிறோம்.

இங்கே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1993-ல் வந்த மலைப்பகுதிக் கட்டட விதிகள் நம் ஊரில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டவிடாது. நல்ல விதி, அது இல்லாவிட்டால் இந்த மலை எப்போதோ அடுக்குமாடியாகியிருக்கும். ஆனால் மேலே போக முடியாத கட்டடம் பக்கத்தில் நகரும். மலைப் பக்கம் பாறை, ரோட்டுப் பக்கம் ரோடு. நகர மிச்சம் இருப்பது ஆற்றுப் பக்கம் மட்டும். அதனால்தான் கரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஆற்றின் மேல் சிலாப் போட்டு மூடினால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும் என்று டீக்கடைகளில் பேசுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செங்குத்தான மலையில் பெய்யும் மழை ஒரே நேரத்தில் கீழே இறங்கும். அதற்கு அகலமான வழி விடாவிட்டால் அது பஸ் ஸ்டாண்டையே வழியாக்கிக்கொள்ளும். பெருமழை நாளில் முழங்கால் தண்ணீரில் பஸ் ஏறியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

கொரியாவின் சியோல் நகரத்தில் சியோங்கியேசியோன் என்று ஒரு ஓடை. அதை மூடி, மேலே தூண் வைத்துப் பெரிய சாலையே போட்டிருந்தார்கள். 2003-ல் அந்தச் சாலையை இடிக்கத் தொடங்கி 2005-ல் ஓடையை வெளியே எடுத்தார்கள். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நீளம். சுற்றியிருந்த வியாபாரிகள் முதலில் கடுமையாக எதிர்த்தார்கள். இன்றைக்கு அந்த ஓடையோரம் நடப்பதற்கென்றே ஜனங்கள் அங்கே வருகிறார்கள். அவ்வளவு பெரிய நகரமே மூடியதைத் திறக்கிறது, நாம் திறந்திருப்பதை மூடலாமா? நம் ஆறு சின்னதுதான். ஆனால் லாஸ் ஃபால்ஸில் விழுந்து, மலை இறங்கிப் பவானியில் சேர்ந்து, பவானிசாகர் வரை போகிற தண்ணீர் இது. நாம் இங்கே கொட்டுவது கீழே ஒருவருடைய வயலுக்குப் போகிறது.

2019-ல் தன்னார்வலர்கள் இறங்கி ஆற்றின் ஒரு பகுதியைத் தூர்வாரினார்கள். அந்தப் பிள்ளைகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தூர் வாருவது ஒரு வருஷத்துக் காரியம். கடைகள் ஆற்றைப் பார்த்துத் திரும்பினால்தான் அது நிலைக்கும். புது மார்க்கெட் வரைபடத்தில் இரண்டு கோடுகள் கேட்கிறேன். கரையின் இரண்டு பக்கமும் பத்தடி நடைபாதை. ஆற்றை ஒட்டி வரும் வரிசைக் கடைகளுக்கு ஆற்றுப் பக்கம் ஒரு கதவு. டீக்கடை, வர்க்கிக் கடை, பூக்கடை அந்தப் பக்கம் இருக்கட்டும். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ரயில், உதகைக்குப் போகும் முன் ஒன்பது வருஷம் நம் ஊரோடு நின்றது. 2005-ல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னம் என்றது. இன்றைக்கும் ரயிலில் வருகிறவர்கள் எஞ்சின் மாற்றும் நேரத்தில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு அப்படியே உதகைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேரைக் கரையோரம் ஒரு டீக்கு நிறுத்த முடிந்தால் என் அண்ணன்மார்களின் கல்லாவுக்கு வேறு திட்டம் வேண்டாம்.

வண்டி நிறுத்தத்தைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்துவிட்டது, அதை ஒட்டி நிறையச் சொல்ல இருக்கிறது, தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார், இன்னொரு கூட்டத்தில் சொல்கிறேன்.

தலைவர் அவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். வரைபடத்தை இறுதி செய்யும் முன் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, என்னோடு பெரியப்பா கடை இருந்த இடத்திலிருந்து ஸ்டேஷன் பாலம் வரை ஆற்றுக்குள் நடந்து வாருங்கள். கரை இல்லாததால் ஆற்றுக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். இன்ஜினியரையும் டேப்போடு கூட்டி வாருங்கள், எங்கெங்கே எத்தனை அடி மிச்சம் இருக்கிறது என்று அங்கேயே அளந்து எழுதிவிடலாம். வர விருப்பமுள்ள கடைக்காரர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் கடை எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். பேனா கட்டி வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.