டில்லியைப் பார்க்க நம் திட்டமே நல்லது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தலைநகர் டில்லியைக் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கச் சிறந்த வழி டூர் பேக்கேஜா, நாமே போடும் திட்டமா என்பது இன்றைய தலைப்பு. நாமே போடும் திட்டம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று காரணங்கள் சொன்னார். நமக்கு இந்தி தெரியாது, வயதானவர்களை வைத்துக்கொண்டு அலைய முடியாது, பணத்தைக் கட்டிவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்த மூன்றாவது காரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பேக்கேஜில் ஒரே நாளில் செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், பிர்லா மந்திர், தாமரைக் கோயில், குதுப் மினார். பஸ்ஸில் ஏறு, இறங்கு, போட்டோ எடு, மறுபடி ஏறு. குதுப் மினாருக்கு அரை மணி நேரம் கொடுப்பார்கள். டிக்கெட் வரிசை, பாத்ரூம் போக மீதி எவ்வளவு? அந்த மினாரை நின்று பார்த்தால்தான் தெரியும், கீழ் மூன்று அடுக்கும் சிவப்புக் கல், மேலே போனால் வெள்ளைப் பளிங்கு கலந்து வருகிறது என்று. 1368-ல் இடி விழுந்து உச்சி சிதைந்தபோது ஃபிரோஸ் ஷா துக்ளக் எடுத்துக் கட்டிய பகுதி அது. பக்கத்து மண்டபத்துத் தூண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், சங்கிலியில் மணி தொங்குவதுபோல் செதுக்கியிருக்கும். பழைய கோயில்களின் தூண்கள் அவை. நடுவே இரும்புத் தூண். 7 மீட்டர் உயரம், 6 டன்னுக்கும் மேல் எடை, சுமார் 1,600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அதனால் மேலே ஒரு காப்புப் படலம் உருவாகிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேதியியல் பாடம் எங்கே கிடைக்கும்? அந்தப் பிள்ளையைத்தான் "வண்டி கிளம்புது, சீக்கிரம் வாங்க" என்று இழுத்துக்கொண்டு வருகிறோம்.

அடுத்து, எதிரணியில் யாரும் வாயே திறக்காத ஒரு விஷயம். திங்கட்கிழமை! திங்களன்று செங்கோட்டை கிடையாது. தாமரைக் கோயில் கிடையாது. அக்ஷர்தாம் கிடையாது. தேசிய அருங்காட்சியகம் கிடையாது. பேக்கேஜ் தேதி திங்களில் விழுந்தால் செங்கோட்டையை வெளியில் நின்று காட்டிவிட்டு அடுத்த இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வருவதா? நாமே திட்டம் போட்டால் திங்களைக் குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் ஒதுக்கிவிடுவோம், அவை எல்லா நாளும் உண்டு. தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை. டில்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து ஆக்ரா போகும் கதிமான் எக்ஸ்பிரஸே வெள்ளியன்று ஓடுவதில்லை. சாந்தினி சவுக்கில் துணிமணி வாங்க ஆசைப்பட்டால் ஞாயிறு வேண்டாம், பெரும்பாலான கடைகள் அன்று மூடியிருக்கும். ஒரு காலண்டரும் பேனாவும் போதும் நடுவர் அவர்களே, பாதிப் பயணம் பிழைத்துவிடும்.

எந்த மாதம் என்பதும் நம் கையில் இருக்க வேண்டும். மே, ஜூன் வெயில் பெரியவர்களுக்கு ஆகாது. நவம்பரில் புகை. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், குடியரசு தின ஏற்பாட்டில் முன்பு ராஜபாதை என்று இருந்த கர்தவ்ய பாதைப் பக்கம் போகவும் கெடுபிடி. பிப்ரவரி, மார்ச் பொன்னான காலம், ஜனாதிபதி மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டமும் அப்போது பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கும், அன்றைக்கே உட்கார்ந்து எடுத்துவிட வேண்டும். எந்த ஸ்டேஷன் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டில்லிக்குப் போகிறது, திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஹஸ்ரத் நிஜாமுதீனில் நின்றுவிடும். அறையை அதற்குத் தோதாகப் பிடித்தால் பெட்டி தூக்கி அலைய வேண்டாம்.

சரி, வயதானவர்கள். அண்ணன் சொன்ன காரணத்தை நான் அப்படியே என் அணிக்கு எடுத்துக்கொள்கிறேன். காலை ஏழு மணிக்கு பஸ்ஸில் ஏற்றி ராத்திரி இறக்கிவிடுவதா பெரியவர்களுக்கு வசதி? நம் திட்டத்தில் காலையில் ஒரு இடம், மதியம் அறைக்கு வந்து தூக்கம், சாயங்காலம் இந்தியா கேட். மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருக்கிறது. ஒரு நாள் அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அன்றைக்கு எங்கும் போகாமல் இருக்கலாம், பஸ் நமக்காகக் காத்திருக்கும் பேச்சே இல்லை. பெரியவர்கள் மட்டும் துணையில்லாமல் தனியாகப் போகிறார்கள் என்றால் பேக்கேஜ் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். இங்கே தலைப்பு குடும்பத்தோடு போவதைப் பற்றியது.

இந்திக்குப் பயப்பட வேண்டாம். மெட்ரோவில் அறிவிப்பும் பலகையும் ஆங்கிலத்திலும் உண்டு, வழித்தடங்களுக்கு நிறம் உண்டு. மஞ்சள் தடத்தில் சாந்தினி சவுக்கில் ஏறினால் மாறாமலே குதுப் மினார் ஸ்டேஷன், அங்கிருந்து ஒரு ஆட்டோ. ஊதா தடத்தில் செங்கோட்டையும் ஜாமா மசூதியும் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள். ஸ்டேஷன் வாசலில் "உங்க ஹோட்டல் மூடிட்டாங்க, நான் வேற காட்டுறேன்" என்று ஒருவன் வருவான். ஹோட்டல் நம்பரைக் கையில் வைத்திருப்பவர் அங்கேயே போன் போட்டுக் கேட்டுவிடுவார்.

கடைசியாக, செங்கோட்டைக்குள் ஒரு இடம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளை வெள்ளைக்காரன் 1945 நவம்பரில் விசாரித்தது அந்தக் கோட்டையில்தான். ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவருக்காக வாதாடிய குழுவில் நேருவும் வக்கீல் அங்கி போட்டு நின்றார். அங்கே 2019 ஜனவரியில் நேதாஜி அருங்காட்சியகம் திறந்தார்கள். நேதாஜி பயன்படுத்திய நாற்காலியும் வாளும், அந்தப் படையின் சீருடையும் பதக்கமும் அங்கே இருக்கின்றன. அந்தப் படையில் மலாயாவின் ரப்பர் தோட்டத்திலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படைப்பிரிவில் துப்பாக்கி தூக்கினார்கள். நம் ஆட்கள் உயிரைக் கொடுத்த கதை அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது, கோட்டைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் அதைத் தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை நடுவர் அவர்களே.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் அக்கா ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். அவர் கையில் வைத்திருக்கும் டூர் நோட்டீஸில் செங்கோட்டைக்கு எத்தனை நிமிஷம் போட்டிருக்கிறார்கள், அந்த அருங்காட்சியகத்தின் பெயர் அதில் இருக்கிறதா? அதை மேடையில் வாசிக்கக் கேட்ட பிறகு தீர்ப்பைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.