ஸ்மார்ட் சுவிட்ச் வாங்குறதுக்கு முன்னாடி போர்டுக்குள்ள பாருங்க

வணக்கம் மக்களே, கையில இருக்கு பாருங்க, இதான் புதுசா வந்திருக்கிற ஸ்மார்ட் லைட் சுவிட்ச், மேட்டர் சப்போர்ட் இருக்கு, த்ரெட்ங்கிற ஒயர்லெஸ் நெட்வொர்க்ல ஓடுது. மேட்டர் 2022 அக்டோபர்ல தான் வந்துச்சு, ஆப்பிள், கூகுள், அமேசான் எல்லாரும் ஸ்மார்ட் சாதனங்களுக்குன்னு சேந்து ஒத்துக்கிட்ட பொதுவான ஸ்டாண்டர்ட், அதனால யாரோட ஆப்லயும் சேத்துக்கலாம், அது உண்மையிலேயே பெரிய நிம்மதி. ஆனா த்ரெட்ட வீட்டு நெட்வொர்க்கோட சேக்குற பார்டர் ரௌட்டர்னு ஒண்ணு வீட்டுல இருக்கணும், ஆப்பிளோட ஹோம்பாட் மினி ஸ்பீக்கர் மாதிரி சிலதுக்குள்ளயே அது இருக்கு, இல்லன்னா தனியா வாங்கணும், இத பெட்டியில பொடி எழுத்துல போட்டுருக்காங்க.

இப்ப அமுக்குறேன் பாருங்க... டிக், உடனே எரியுது. உள்ள கரண்ட ஆன், ஆஃப் பண்ற ரிலே சத்தம் தான் அது. இப்ப நெட்ட புடுங்கிட்டேன், மறுபடி அமுக்குறேன், எரியுது. எனக்கு முக்கியமே இதான், ஏன்னா வீட்டுக்கு வர்றவங்க, வயசானவங்க, சின்ன பசங்க எல்லாரும் செவுத்துல இருக்கிற சுவிட்சதான் தேடுவாங்க, யாரும் போன எடுக்க மாட்டாங்க. ஸ்மார்ட் பல்புல இங்கதான் அடி வாங்கும், யாராவது பழக்கத்துல செவுத்து சுவிட்ச ஆஃப் பண்ணிட்டா பல்புக்கு கரண்டே போகாது, அப்புறம் ஆப்ல என்ன தட்டினாலும் வேலைக்காகாது. கலர் வேணும்னா மட்டும் பல்பு வாங்குங்க.

அடுத்து நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பி போற வயர், இதுல தான் நிறைய பேர் மாட்டுறாங்க. சுவிட்ச் பாக்ஸ்ல ஃபேஸும் பல்புக்கு போற வயரும் மட்டும் இருந்தா இந்த சுவிட்சுக்கு கரண்ட் கிடைக்காது. நியூட்ரல் வேண்டாம்னு விக்கிற மாடல் பல்பு வழியா கொஞ்சூண்டு கரண்ட எடுத்துக்கும், அதனால சின்ன வாட்ஸ் எல்இடி ஆஃப் பண்ணாலும் ராத்திரில மங்கலா எரியும், இல்ல விட்டு விட்டு மினுக்கும். பல்புகிட்ட பைபாஸ் கெப்பாசிட்டர்னு ஒரு சின்ன பார்ட் போட்டா பெரும்பாலும் சரியாகும். இன்னொண்ணு, நியூட்ரல் இல்லாத சுவிட்ச் பொதுவா அடுத்த சுவிட்சுக்கு சிக்னல கடத்தி விடாது, அதனால ஒண்ணுக்கொண்ணு சிக்னல் கடத்துற அந்த மெஷ் நெட்வொர்க் வீக்காயிடும்.

ஷெல்லி பிராண்ட் மாதிரி ரிலே மாட்யூல் பாத்தீங்கன்னா பழைய சுவிட்ச் பின்னாடியே உக்காந்துக்கும், வெளியில எதுவும் மாறாது, வைஃபைல ஓடுது, ஹப்னு தனியா ஒரு பொட்டி வேண்டாம், ஆனா பாக்ஸ்ல ஆழம் இருக்கணும். வாடகை வீடுன்னா கழட்டி எடுத்துட்டு போயிடலாம், என்னோட ஓட்டு அதுக்குத்தான். சொந்த வீடு, நியூட்ரல் இருக்கு, ஏற்கனவே பார்டர் ரௌட்டரும் இருக்குன்னா இந்த புதுச தாராளமா போடுங்க. மெயின ஆஃப் பண்ணாம மட்டும் போர்ட தொறக்காதீங்க, வயர் தெரியலன்னா எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்க.