ஈட்ஸ் பாலம்: கதை தண்ணீருக்குக் கீழே இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு பழைய ரயில் பாலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு நண்பர் "கோல்டன் கேட் பாலமா?" என்று கேட்டார். இல்லை, இது அதைவிட அறுபது வருஷத்துக்கு மேல் மூத்தது. செயின்ட் லூயிஸ் நகரின் மையப் பகுதியிலிருந்து மிசிசிப்பி ஆற்றைத் தாண்டுகிற ஈட்ஸ் பாலம். மேலே சாலை, அதற்குக் கீழே தண்டவாளம். 1874 ஜூலை 4 அன்று திறந்தார்கள், இன்றைக்கும் ரயில் ஓடுகிறது.

அந்த ஊரை அப்போது படகுகள்தான் வாழவைத்தன. நீராவிப் படகு வருமானத்தை நம்பியே இருந்துவிட்டார்கள். வடக்கே சிகாகோ தண்டவாளமாகப் போட்டு வியாபாரத்தை இழுத்துக்கொண்டது. அப்புறம்தான் பாலம் வேண்டும் என்று விழித்துக்கொண்டார்கள்.

பொறுப்பு யாரிடம் போனது தெரியுமா? அதற்கு முன் ஒரு பாலம்கூடக் கட்டாத ஒருவரிடம். ஜேம்ஸ் புக்கானன் ஈட்ஸ் எந்தக் கல்லூரியிலும் பொறியியல் படித்தவரில்லை. இருபத்திரண்டு வயதில் தொடங்கி, ஆற்றில் மூழ்கிய படகுகளிலிருந்து சரக்கை மீட்பதுதான் அவர் தொழில். மணி மாதிரி ஒரு கூண்டுக்குள் நின்றுகொண்டு இறங்கி, இருட்டில் மிசிசிப்பியின் தரையிலேயே நடந்தவர். அங்கே அவர் கண்டது இதுதான்: மேலே தண்ணீர் ஓடுகிற மாதிரி கீழே மணலும் ஓடுகிறது, வெள்ளக் காலத்தில் படுகையே ஆழமாக அரித்துக்கொண்டு போகிறது. ஆக, மணலில் தூண் நிறுத்தினால் நிற்காது, பாறையைத் தொட்டே ஆக வேண்டும்.

இந்தப் பாலத்தின் வடிவம் முழுக்க இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறது என்பேன். பாறைவரை தூண் இறக்குவது பெரும் செலவு, அதனால் ஆற்றுக்குள் இரண்டே தூண்கள். இரண்டே தூண்கள் என்றால் நடுவில் 520 அடி, இரு பக்கமும் 502 அடி என்று மூன்று பெரிய வளைவுகள். அவ்வளவு நீளத்துக்கு வார்ப்பிரும்பு தாங்காது, எஃகு வேண்டும். அதுவரை இவ்வளவு பெரிய பாலத்துக்கு எஃகை யாரும் நம்பியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் நாலு விலாக்கள், ஒவ்வொரு விலாவிலும் மேலொன்று கீழொன்றாக 18 அங்குலக் குழாய். ஈட்ஸ் துண்டு துண்டாகச் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்பி, எஃகு ஆலைக்காரர்களின் பொறுமையை வாங்கிவிட்டார்.

சரி, பாறைவரை எப்படிப் போனார்கள்? ஊரில் உறைக்கிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் போதும். உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட, மேலே உறை ஏற ஏற, கிணறு தானாகக் கீழே போகும் இல்லையா? அதே மாதிரிதான். அடிப்பக்கம் திறந்த ஒரு பெரிய இரும்புப் பெட்டி, அதன் தலையில் கல் கட்டடம், உள்ளே ஆட்கள் மணல் தோண்டுகிறார்கள். தண்ணீர் உள்ளே வராமலிருக்க அழுத்தக் காற்றை ஏற்றுகிறார்கள். இந்த முறையை ஈட்ஸ் ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது பிரான்சில் பார்த்தார். ஆனால் இங்கே ஆழம் தொண்ணூறு அடியைத் தாண்டியது, உள்ளே காற்று சாதாரணத்தைப் போல நாலு மடங்கு அழுத்தத்தில் இருந்தது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் திரும்பப் பற்றிக்கொள்ளும்.

வேலை முடிந்து மேலே வந்தவர்களுக்கு மூட்டில் வலி, வயிற்றில் வலி, கால் இழுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் அதை வைத்துக் கேலிகூடப் பேசிக்கொண்டார்கள். பெண்கள் முன்பக்கம் சாய்ந்து நடப்பது அப்போது நாகரிகம், அதன் பெயரையே வளைந்து நடந்த தொழிலாளிகளுக்கு வைத்தார்கள். அப்புறம் சாவு விழுந்தது. 15 பேர் அளவில் இறந்தார்கள். ஈட்ஸின் மருத்துவர் ஜாமினே தானே இறங்கிப் பார்த்தார், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கீழே இருந்துவிட்டு நாலு நிமிஷத்துக்குள் அழுத்தத்தை இறக்கி வெளியே வந்தார், வீட்டுக்குப் போனதும் கை கால் விழுந்துவிட்டது. பிழைத்தார், ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்தாரா என்றால் பாதிதான். வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அது நல்லதுதான். மெதுவாக வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், திறந்த சோடா மாதிரிக் குமிழாகிவிடும் என்பது பிற்பாடு தெரிந்த சங்கதி. பாலத்தைப் புகழும்போது நாம் ஈட்ஸ் பெயரைத்தான் சொல்கிறோம், எனக்கு அது உறுத்தும்.

வளைவு கட்டின விதமும் ரசமானது. ஆற்றில் படகுப் போக்குவரத்தை மறிக்க முடியாது, அதனால் கீழே சாரம் கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டே வந்தார்கள். 1873 செப்டம்பர் வெயிலில் எஃகு விரிந்துபோய், கடைசித் துண்டு நுழையவில்லை. சாக்கைச் சுற்றி ஐஸ் கட்டிகளை வைத்துக் குளிரப்பண்ணிப் பார்த்தார்கள், போதவில்லை. கடன் ஒப்பந்தத்தின் கெடு வேறு நெருங்குகிறது, ஈட்ஸோ லண்டனில். அவருடைய உதவியாளர் ஹென்றி ஃப்ளாட், இதற்கென்றே ஈட்ஸ் முன்கூட்டி யோசித்து வைத்திருந்த மரையுள்ள குழாயைப் போட்டு, திருகி நீளத்தைச் சரிசெய்து மூட்டிவிட்டார்.

படகுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. புகைபோக்கி இடிக்கும் என்று ராணுவப் பொறியாளர்களிடம் முறையிட்டு, பாலத்துக்கே ஆபத்து வந்தது. ஜனாதிபதி கிராண்டைப் போய்ப் பார்த்துத்தான் ஈட்ஸ் அதைத் தடுத்தார். ஜனங்களுக்கும் நம்பிக்கை இல்லை, அதனால் திறப்புக்கு முன் ஒரு யானையை நடக்கவிட்டார்கள். பலமில்லாத இடத்தில் யானை கால் வைக்காது என்று அங்கேயும் ஒரு நம்பிக்கை! அது ஆடி அசைந்து அக்கரை சேர்ந்தது. எனக்கென்னவோ, பிறகு 14 எஞ்சின்களை ஏற்றி நிறுத்தினார்களே, அந்தச் சோதனைதான் பெரிது.

இவ்வளவும் செய்து பணம் வந்ததா? இல்லை. ரயில் கம்பெனிகள் உடனே இந்தப் பக்கம் வரவில்லை, அடுத்த வருஷமே பாலக் கம்பெனி திவால், 1878இல் ஏலம். வெளியூர்ப் பயணிகள் ரயில் கடைசியாக 1974இல் போனது. 1993இலிருந்து மெட்ரோலிங்க் என்ற நகர மின்ரயில் ஓடுகிறது. அந்த ஊருக்குப் போனால் லாக்லீட்ஸ் லேண்டிங் ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள், அந்த ஸ்டேஷனே பாலத்தின் கரையோரக் கல்வளைவுகளுக்குள் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்குள் போகிற ரயில் நுழைவது, நீராவி எஞ்சின்களுக்காகத் தோண்டிய அதே பழைய சுரங்கத்துக்குள்தான்.